புது ஆக்சிஜன் சென்சார் போட்டும் செக் என்ஜின் விளக்கு மறுபடி எரிகிறதா?

கேள்வி: என்னிடம் ஒன்பது வருடப் பழைய பெட்ரோல் கார் இருக்கிறது. நான்கு சிலிண்டர். போன மாதம் செக் என்ஜின் விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தபோது பி0135 என்ற கோடு வந்தது. ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர் போய்விட்டது என்று சொல்லிப் புது சென்சார் மாட்டினார்கள். விளக்கு அணைந்தது. இரண்டே நாளில் மறுபடி எரிந்தது, அதே கோடு. இப்போது இசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) போயிருக்கும், மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஹீட்டர் வயரை நேராக பாடியில் எர்த் கொடுத்துவிட்டால் போதும் என்று என் மச்சான் சொல்கிறார். வண்டி ஓடுவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பெட்ரோல் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கிறது. கழற்றிய பழைய சென்சார் என்னிடம்தான் இருக்கிறது. மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும். இசியூவை மாற்றத்தான் வேண்டுமா? அதுவரை வண்டியை ஓட்டலாமா?

பதில்: வணக்கம். இசியூவை மாற்ற இப்போது சம்மதிக்காதீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கோடு வந்ததும் சென்சார் மாறியிருக்கிறது. அதே கோடு திரும்பி வந்ததும் இசியூ மாறப்போகிறது. நடுவில் யாராவது மீட்டரை எடுத்து ஒரு இடத்திலாவது வைத்துப் பார்த்தார்களா என்றால், நீங்கள் எழுதியதில் அப்படி எதுவுமே இல்லை. உங்கள் வண்டியில் நடக்காமல் இருக்கும் வேலை அதுதான்.

பி0135 என்ற கோடு சொல்வது இவ்வளவுதான்: முதல் சிலிண்டர் வரிசையின் முதல் ஆக்சிஜன் சென்சாருடைய ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு. சர்க்யூட்டில் என்பதைக் கவனியுங்கள். சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. பேட்டரியிலிருந்து ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), ஃப்யூஸ், வயர், கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் சொருகி), சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர், அங்கிருந்து இன்னொரு வயர், கடைசியில் இசியூ என்று இத்தனையும் சேர்ந்ததுதான் அந்த சர்க்யூட். இதில் எங்கே அறுந்தாலும், எங்கே அரித்துப் பச்சை பிடித்தாலும், எங்கே உரசி எர்த் ஆனாலும் இதே கோடு வரலாம். ஹீட்டர் எரிந்துபோவதுதான் அடிக்கடி நடப்பது, அதை மறுக்கவில்லை. அதனால்தான் எல்லோரும் முதலில் சென்சாரை மாற்றுகிறார்கள். உங்கள் வண்டியில் அந்த வாய்ப்பை ஒருமுறை பார்த்தாகிவிட்டது. இனி ஊகம் வேண்டாம்.

ஹீட்டர் எதற்கு என்று தெரிந்தால் மற்றது சுலபம். ஆக்சிஜன் சென்சாரின் உள்ளே சிர்கோனியா என்ற பீங்கான் இருக்கிறது. சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பிறகுதான் அது ஒழுங்காக வேலை செய்யும். புகையில் ஆக்சிஜன் குறைவாக இருந்தால் 0.9 வோல்ட் பக்கமாகவும், அதிகமாக இருந்தால் 0.1 வோல்ட் பக்கமாகவும் சிக்னல் கொடுக்கும். அதைப் பார்த்துத்தான் இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. 1976ல் வோல்வோ கார்களில் முதலில் வந்த சென்சார்களில் ஹீட்டர் கிடையாது. புகையின் சூடுதான் அவற்றைச் சூடாக்க வேண்டும். என்ஜின் சூடாகும் வரை சென்சாருக்கு எதுவும் தெரியாது, இசியூ குத்துமதிப்பாகத்தான் பெட்ரோல் ஊற்றும். எண்பதுகளின் தொடக்கத்தில் சென்சாருக்குள்ளேயே ஒரு சின்ன மின் ஹீட்டரை வைத்தார்கள். அதன் பிறகு ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் சென்சார் விழித்துக்கொள்கிறது.

இதிலேயே உங்கள் பெட்ரோல் செலவுக்கும் பாதி பதில் இருக்கிறது. ஹீட்டர் இல்லாவிட்டால், காலையில் ஸ்டார்ட் செய்து பக்கத்திலேயே போய் நிறுத்தும் ஓட்டத்தில் சென்சார் பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும். டிராஃபிக் சிக்னலில் ரொம்ப நேரம் ஐடிலில் நின்றாலும் ஆறிவிடும். நெடுஞ்சாலையில் போகும்போது புகையின் சூடே போதும் என்பதால் அங்கே வித்தியாசம் அதிகம் தெரியாது. உங்களுக்கு நீண்ட பயணத்திலும் மைலேஜ் நன்றாகக் குறைந்திருந்தால் இந்த ஹீட்டரின் மேல் மட்டும் பழியைப் போடாதீர்கள். என்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடியே நின்றுவிட்டதா, டயர் காற்று சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது அந்த இரண்டு நாள் விஷயம். புது சென்சார் போட்டதும் விளக்கு அணைந்தது, அதனால் இரண்டு நாள் எல்லாம் சரியாக இருந்தது, பிறகு வேறு ஏதோ கெட்டுவிட்டது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அப்படி இருக்க வேண்டியதில்லை. ஸ்கேனரில் கோடை அழித்தாலே விளக்கு அணையும், சென்சாரைத் தொடவே வேண்டாம். இந்த வகைக் கோளாறைப் பெரும்பாலான வண்டிகளில் இசியூ ஒரு ஓட்டத்தில் பார்த்துக் குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் விளக்கைப் போடும். ஆக, புது சென்சார் மாட்டிய முதல் நிமிடத்திலிருந்தே கோளாறு அப்படியே இருந்திருக்கலாம், விளக்குக்குத்தான் இரண்டு நாள் ஆனது. என் கணிப்பு இதுதான். ஒன்று, கோளாறு தொடக்கம் முதலே வயரிங்கில் இருக்கிறது. அல்லது மாட்டிய புது சென்சார் உங்கள் வண்டிக்கு உரியது அல்ல. இசியூ மூன்றாவது இடத்தில், வெகு தூரத்தில் நிற்கிறது.

மீட்டரை எடுப்பதற்கு முன் ஒர்க்‌ஷாப்பில் மூன்று விஷயம் கேளுங்கள். முதலாவது, எந்த சென்சாரை மாற்றினார்கள்? உங்கள் வண்டியில் குறைந்தது இரண்டு இருக்கும். என்ஜினுக்குப் பக்கத்தில், கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) முன்னால் இருப்பது முதலாவது. கன்வெர்ட்டரைத் தாண்டி வண்டிக்கு அடியில் இருப்பது இரண்டாவது. அதன் ஹீட்டருக்குக் கோடு பி0141. பி0135 வந்த வண்டியில், கைக்குச் சுலபமாக எட்டுகிறது என்று இரண்டாவதை மாற்றிவிடுவதும் நடக்கிறது. நான்கு சிலிண்டர் வரிசை என்ஜினில் பொதுவாக வரிசை ஒன்றுதான், அதனால் அந்தக் குழப்பம் உங்களுக்கு இருக்காது.

இரண்டாவது, புது சென்சார் கம்பெனி கப்ளருடன் வந்து நேராகச் சொருகப்பட்டதா, இல்லை பொதுவான சென்சார் ஒன்றை வாங்கிப் பழைய கப்ளரின் வயரை வெட்டி ஒட்டினார்களா? வெட்டி ஒட்டியிருந்தால் முதல் சந்தேகம் அந்த ஒட்டுகளின் மேல்தான். எந்த வயருடன் எந்த வயர் சேர வேண்டும் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். சில சென்சார்களில் ஹீட்டரின் இரண்டு வயரும் வெள்ளை, சிலவற்றில் இரண்டும் கறுப்பு. ஒரே நிறத்தில் இரண்டு வயர் இருந்தால் பெரும்பாலும் அவை ஹீட்டருடையவை. ஆனால் ஒரு சென்சாரில் வெள்ளை ஹீட்டராக இருக்க, இன்னொன்றில் அதே வெள்ளை சிக்னலின் எர்த்தாக இருக்கும். நிறத்தை நிறத்துடன் சேர்த்தால் கதை முடிந்தது.

மூன்றாவது, புது சென்சாரின் பாகம் எண் என்ன? உங்கள் வண்டியின் மாடல், வருடம், என்ஜின் எல்லாம் சரியாகப் பொருந்துகிறதா? மரை ஒன்றாக இருக்கும், கப்ளர்கூட ஒன்றாக இருக்கும், ஹீட்டரின் ரெசிஸ்டன்ஸ் மட்டும் வேறாக இருக்கும். பல இசியூக்கள் ஹீட்டரில் போகும் கரண்டை அளந்துகொண்டே இருக்கும். எதிர்பார்த்ததைவிடக் குறைந்தாலோ கூடினாலோ, ஹீட்டர் நன்றாகச் சூடாகிக்கொண்டிருந்தாலும் கோடு போட்டுவிடும். மலிவான சென்சார் போட்டு அதே கோடு திரும்பி வருவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

சரி, இப்போது மீட்டர். வண்டி நன்றாக ஆறியிருக்கட்டும். அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுங்கள்.

கண்ணால் பார்ப்பதில் ஆரம்பியுங்கள். சென்சாரிலிருந்து கப்ளர் வரையிலும், கப்ளரிலிருந்து மேலே போகும் வயர் கண்ணுக்குத் தெரிகிற வரையிலும் டார்ச் அடித்துத் தொடர்ந்து போங்கள். வயர் கட்டியிருந்த கிளிப் உடைந்து என்ஜினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டின் மேலோ சைலன்சர் பைப்பின் மேலோ சாய்ந்திருக்கிறதா, உறை உருகியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா பாருங்கள். கப்ளரைக் கழற்றி உள்ளே பச்சையாகப் பூத்திருக்கிறதா, ஏதாவது ஒரு பின் பின்னால் தள்ளப்பட்டிருக்கிறதா பாருங்கள். பின் தள்ளப்பட்ட கப்ளர் வெளியிலிருந்து ஒழுங்காகச் சொருகியதுபோலவே இருக்கும்.

அடுத்து ஃப்யூஸ். எந்த ஃப்யூஸ் என்று வண்டியின் கையேட்டில் இருக்கும். பல வண்டிகளில் இரண்டு சென்சாருடைய ஹீட்டருக்கும் ஒரே ஃப்யூஸ்தான். கூடவே வேறு சில வால்வுகளும் அதிலேயே இருக்கும். உங்களுக்கு பி0135 மட்டும் வந்திருப்பதால் பொது ஃப்யூஸ் எரிந்திருக்க வாய்ப்பு குறைவு. எரிந்திருந்தால் பி0141ம் கூடவே வந்திருக்கும். எல்லா ஹீட்டர் கோடும் ஒரே நாளில் வந்தால் எல்லா சென்சாரும் ஒரே நாளில் செத்துவிட்டன என்று யாரும் நம்பிவிடக் கூடாது. முதலில் ஃப்யூஸ், அப்புறம் ரிலே. ஃப்யூஸ் எரிந்திருந்தால் அதைவிடப் பெரிய ஆம்பியர் ஃப்யூஸ் மட்டும் போடாதீர்கள். எங்கேயோ வயர் எர்த் ஆகிறது என்பதற்காகத்தான் அது எரிந்திருக்கிறது.

இப்போது சென்சார் பக்கம். கப்ளரைக் கழற்றி, சென்சாரிலிருந்து வரும் கப்ளரில் ஹீட்டரின் இரண்டு பின்களுக்கு நடுவே ஓம் அளவு எடுங்கள். அதற்கு முன் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து, அதைக் கழித்துக்கொள்ளுங்கள். நாம் அளப்பது சில ஓம்கள்தான், மீட்டர் வயரின் அரை ஓம்கூடக் கணக்கைக் கெடுக்கும். நான்கு வயர் உள்ள சாதாரண சென்சாரில், ஆறிய நிலையில், பெரும்பாலும் 4 முதல் 15 ஓமுக்குள் இருக்கும். ஐந்து அல்லது ஆறு வயர் உள்ள வைட்பேண்ட் (ஆக்சிஜனை இன்னும் நுட்பமாக அளக்கும்) வகையில் 2 முதல் 4 ஓம் வரைதான் இருக்கும். நான்கே வயரில் வரும் ஏர்-ஃப்யூல் சென்சார்களும் உண்டு, அவற்றிலும் ஓம் குறைவுதான். உங்கள் வண்டிக்கான சரியான அளவை சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். மீட்டர் எதையுமே காட்டவில்லை என்றால் உள்ளே அறுந்திருக்கிறது. ஹீட்டர் பின்னுக்கும் சென்சாரின் உலோக உடம்புக்கும் நடுவேயும் அளந்துவிடுங்கள். அங்கே தொடர்பே இருக்கக் கூடாது.

பழைய சென்சாரை எடுத்து வைத்தது மிகவும் நல்ல காரியம். உங்கள் வழக்கில் சாட்சி அதுதான். இதே அளவை அதிலும் எடுங்கள். பழையது 7 ஓம், புதியது 13 ஓம் என்று வந்தால், புதிதாக வந்தது வேறு வகை என்று நினைக்கலாம். பழையதில் தொடர்பே இல்லை என்றால், சென்சாரை மாற்றியது சரிதான், ஆனால் கூடவே இன்னொரு கோளாறும் இருக்கிறது. பழையது புத்தகத்தில் உள்ள அளவையே காட்டினால், அது கெட்டே போகவில்லை என்பதற்கு வாய்ப்பு அதிகம்.

‘வாய்ப்பு அதிகம்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஹீட்டரில் மயிரிழை விரிசல் இருந்தால், ஆறியிருக்கும்போது ஒட்டிக்கொண்டு சரியான ஓம் காட்டும், சூடானதும் பிரிந்துவிடும். இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. பழைய சென்சாரை வைஸில் பிடித்து, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக ஹீட்டருக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். நல்ல ஹீட்டரில் ஆரம்பத்தில் ஒன்றரை, இரண்டு ஆம்பியர் என்று போய், சூடாகச் சூடாகக் கரண்ட் மெல்ல இறங்கி ஒரு அளவில் நிற்கும். சூடானால் அதன் ரெசிஸ்டன்ஸ் கூடுவதுதான் காரணம். கரண்ட் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் விரிசல். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கையில் பிடித்துக்கொண்டும் செய்யாதீர்கள், முனை பலமாகச் சுட்டுவிடும். எந்த இரண்டு வயர் ஹீட்டர் என்று உறுதியாகத் தெரியாமலும் இதைச் செய்யக் கூடாது. சிக்னல் வயரில் 12 வோல்ட் கொடுத்தால் சென்சார் போய்விடும்.

சென்சார் பக்கம் முடிந்தது. இப்போது வண்டிப் பக்கம் வரும் கப்ளர். என் அனுபவத்தில், திரும்பத் திரும்ப வரும் ஹீட்டர் கோடுகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை இங்கேதான் கிடைக்கிறது. பலர் கோட்டை விடுவதும் இங்கேதான்.

பெரும்பாலான வண்டிகளில் ஹீட்டரின் ஒரு வயருக்கு ஃப்யூஸ் வழியாக 12 வோல்ட் வரும். இன்னொரு வயரை இசியூ எர்த் செய்து ஹீட்டரை ஓட்டும். சாவியை ஆன் செய்து, சப்ளை வரும் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வோல்ட் அளக்க வேண்டும். சில வண்டிகளில் சாவி போட்டதும் சில விநாடி மட்டும் சப்ளை வரும், அல்லது என்ஜின் ஓடினால்தான் வரும். ஒன்றும் காட்டவில்லை என்றால் ஸ்டார்ட் செய்தும் பாருங்கள். மூடிய இடத்தில் மட்டும் ஓட்ட வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.

மீட்டர் 12 வோல்ட் காட்டியதும் ‘சப்ளை இருக்கிறது’ என்று எழுதிவைத்துவிட்டு இசியூவைக் குற்றம் சொல்லப் போய்விடுகிறார்கள். அந்த 12 வோல்ட்டை நம்பாதீர்கள். மல்டிமீட்டர் ஏறக்குறைய கரண்டே இழுக்காது. வயருக்குள் எல்லா இழையும் அரித்துப்போய் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் முழு 12 வோல்ட்டைக் காட்டும். ஹீட்டர் அப்படி இல்லை, அதற்கு இரண்டு ஆம்பியர் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 ஓம் ஹீட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால் 2 ஆம்பியர், 24 வாட் சூடு. வழியில் பச்சை பிடித்த ஒரு பின்னில் 3 ஓம் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 9 ஓம், கரண்ட் 1.33 ஆம்பியர். ஹீட்டருக்குக் கிடைப்பது 11 வாட்கூட இல்லை, பாதிக்கும் கீழே. சென்சார் நேரத்துக்குச் சூடாகாது. இசியூவும் கரண்ட் குறைகிறது என்று கோடு போடும். சென்சாரை எத்தனை தடவை மாற்றினாலும் இது மாறாது.

ஆகவே பாரம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். வண்டியின் பார்க்கிங் விளக்கில் இருக்கும் 5 வாட் பல்பு ஒன்று போதும், அதில் இரண்டு வயரை ஒட்டிக்கொள்ளுங்கள். பல்பின் ஒரு வயரைச் சப்ளை பின்னிலும், மற்றதைப் பேட்டரி நெகட்டிவிலும் கொடுங்கள். பல்பு எரியும்போதே அதன் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்து வோல்ட் பாருங்கள். பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்குள் குறைந்தால் பரவாயில்லை. பல்பு மங்கலாக எரிந்து 9, 10 வோல்ட் என்று இறங்கினால் சப்ளை வயரிலோ, ஃப்யூஸ் பெட்டியின் பின்னிலோ, ரிலேயிலோ கோளாறு. அங்கிருந்து பின்னோக்கிப் போய், எந்த இடத்தில் முழு வோல்ட் கிடைக்கிறதோ அதற்கு அடுத்த துண்டைத் திறந்து பாருங்கள். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே வயரை அங்கங்கே மெல்ல அசைத்துப் பாருங்கள். விட்டு விட்டு வரும் கோளாறு அப்போது தெரியும். உறையில் ஊசியைக் குத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். குத்திய துளையில் தண்ணீர் இறங்கி அடுத்த மழைக்காலத்தில் புதுக் கோளாறு தொடங்கும்.

சப்ளை பாரத்திலும் நன்றாக இருந்தால் கடைசிப் பாதி இசியூவின் பக்கம். ஸ்கேனரில் கோடை அழித்துவிடுங்கள். கோடு நிற்கும்போது சில இசியூக்கள் ஹீட்டரை ஓட்டாமல் நிறுத்திவைக்கும். அதே 5 வாட் பல்பை இப்போது வண்டிப் பக்கக் கப்ளரில் ஹீட்டரின் இரண்டு பின்களுக்கும் நடுவே கொடுத்து என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பல்பு விட்டு விட்டு மின்னலாம், மங்கலாக எரியலாம், மங்கலில் தொடங்கிப் பிரகாசமாகலாம். எல்லாமே நல்ல செய்தி. இசியூ ஹீட்டரை முழு வேகத்தில் ஓட்டாது, துடிப்பு துடிப்பாகத்தான் ஓட்டும். குளிர்ந்த என்ஜினில் புகைக் குழாயில் நீர்த்துளி இருக்கும். சூடான பீங்கானில் அது பட்டால் விரிசல் விழும். அதனால் முதலில் மிதமாகச் சூடாக்கிப் பிறகு கூட்டும். பல்பு இப்படி உயிரோடு இருந்தால் உங்கள் இசியூ வேலை செய்கிறது. இசியூ மாற்றும் பேச்சு அதோடு நின்றது. இதற்கு 21 வாட் பல்பைப் பயன்படுத்தாதீர்கள். குளிர்ந்த நிலையில் அது இழுக்கும் கரண்ட் இசியூவுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டருக்கு ஆகாது.

பல்பு எரியவே இல்லை என்றாலும் உடனே இசியூ என்று முடிவு கட்டாதீர்கள். சாவியை எடுத்து, பேட்டரியைக் கழற்றி, இசியூவின் கப்ளரைப் பிரித்து, அந்தக் கட்டுப்பாட்டு வயர் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை முழுதாக இருக்கிறதா என்று அளக்க வேண்டும். ஒரு ஓமுக்குக் கீழ் இருக்க வேண்டும். அதே வயர் பாடியோடு எங்கும் தொடாமலும் இருக்க வேண்டும். இசியூவின் சொந்த எர்த் வயர்கள் பாடியில் இறுக்கமாக, துரு இல்லாமல் இருக்க வேண்டும். இந்த இடத்தில் ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொள்ளுங்கள். இசியூவின் பின் எந்த எண் என்பதற்கு வயரிங் படம் வேண்டும். தவறான பின்னைத் தோண்டினால் இல்லாத கோளாறை உண்டாக்கிவிடலாம். இவை எல்லாம் சரியாக இருந்து, இசியூவின் பின்னிலேயே துடிப்பு இல்லை என்றால்தான் இசியூ. அப்போதும் முழுப் பெட்டியை மாற்றுவதற்கு முன், உள்ளே ஹீட்டரை ஓட்டும் டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றித் தருபவர்களைக் கேட்டுப் பாருங்கள். அது ஏன் எரிந்தது என்று கண்டுபிடிக்காமல் புதியதைச் சொருகாதீர்கள். ஷார்ட் ஆன ஹீட்டரோ எர்த் ஆன வயரோ காரணமாக இருந்தால் புதியதும் அதே வழியில் போகும்.

கோளாறு வயரில் இருந்தால் பழுதுபார்ப்பது சிரமமான வேலை இல்லை. ஆனால் சென்சார் வயரில் சில கட்டுப்பாடுகள் உண்டு. பல சிர்கோனியா சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெளிக்காற்றைத் தங்கள் வயரின் இழைகளுக்கு நடுவேதான் இழுக்கின்றன. சென்சார் பக்க வயரில் சால்டர் வைத்தால் அந்த வழி அடைபடும். கப்ளரில் கிரீஸ் தடவினாலும், கிளீனரை உள்ளே பீய்ச்சினாலும் கெடுதல். ஒட்டு போட்டே ஆக வேண்டுமென்றால் நல்ல கிரிம்ப் (அழுத்தி இறுக்கும் உலோக இணைப்பு) போட்டு, மேலே சூட்டில் சுருங்கும் குழாயை ஏற்றுங்கள். சூடான பைப்பைத் தொடாதபடி புது கிளிப்பில் கட்டுங்கள். வண்டிப் பக்க வயர் முழுக்க உருகியிருந்தால் ஒட்டுக்குமேல் ஒட்டு போடாமல், அந்தத் துண்டையே அதே தடிமனில், சூடு தாங்கும் வயரில் மாற்றுங்கள்.

சென்சார்தான் தவறு என்று தெரிந்தால் பாகம் எண் பார்த்து, கம்பெனி கப்ளரோடு வருவதை வாங்குங்கள். கழற்ற 22 மில்லிமீட்டர் அளவில், வயர் நுழையப் பக்கவாட்டில் வெட்டுள்ள சாக்கெட் கிடைக்கும். என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது துரு இளக்கும் எண்ணெய் விட்டுச் சற்று பொறுத்துத் திருப்பினால் மரை போகாது. புது சென்சாரின் மரையில் பெரும்பாலும் பசை தடவியே வரும், மேலே நீங்களாக எதையும் பூச வேண்டாம். முனையில் கைகூடப் படக் கூடாது. கை தவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்த சென்சாரை மாட்டாதீர்கள். வெளியே கீறல் இருக்காது, உள்ளே பீங்கான் உடைந்திருக்கும். வழக்கமான 18 மில்லிமீட்டர் மரைக்கு 40 முதல் 50 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். உங்கள் சென்சாரோடு வரும் தாளில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

உங்கள் மச்சான் சொன்ன யோசனைக்கு வருகிறேன். அக்கறையோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் செய்யாதீர்கள். ஹீட்டரை நேராக எர்த் செய்தால் அது எப்போதும் முழு வேகத்தில் எரியும். குளிர்ந்த என்ஜினில் நீர்த்துளி பட்டுப் பீங்கான் வெடிக்கலாம். வேகமாக ஓட்டும்போது புகையின் சூட்டோடு இதுவும் சேர்ந்து சென்சாரின் ஆயுளைக் குறைக்கும். கோடும் போகாது, ஏனென்றால் தான் நிறுத்திய ஹீட்டரின் வயரில் வர வேண்டிய வோல்ட் வரவில்லை என்று இசியூவுக்குத் தெரிந்துவிடும். ஹீட்டருக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரை வைத்து இசியூவை ஏமாற்றும் வழியையும் யாராவது சொல்வார்கள். விளக்கு அணையும், சென்சார் குளிர்ந்தே கிடக்கும்.

அதுவரை ஓட்டலாமா என்று கேட்டீர்கள். விளக்கு நிலையாக எரிந்து, வண்டி இழுப்பு, ஐடில் எல்லாம் வழக்கம்போல் இருந்தால் சில வாரம் ஓட்டலாம், நடுவழியில் நிறுத்தாது. மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம். தேவைக்கு மேல் பெட்ரோல் போய்க்கொண்டே இருந்தால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கெடும். சென்சாரைவிடப் பல மடங்கு செலவு வைக்கும் பாகம் அது. விளக்கு விட்டு விட்டு மின்ன ஆரம்பித்தால் அது வேறு விஷயம். சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை என்று அர்த்தம். ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

பழுது பார்த்த பிறகு கோடை அழித்ததும் விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்து மனம் நிறைந்துவிடாதீர்கள். முழுக்க ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஸ்கேனரில் அந்த சென்சாரின் வோல்ட்டைப் பாருங்கள். சாதாரண வகை சென்சாராக இருந்தால், ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் ஒரே இடத்தில் நிற்பதை விட்டுவிட்டு 0.1க்கும் 0.9க்கும் நடுவே ஏறி இறங்கத் தொடங்க வேண்டும். பிறகு சில நாள், ஒவ்வொரு முறையும் என்ஜின் நன்றாக ஆறிய பின் ஓட்டி, ஸ்கேனரில் ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர் சோதனை முடிந்துவிட்டது என்று காட்டுகிறதா, நிலுவையில் கோடு ஏதாவது நிற்கிறதா என்று பாருங்கள்.

முதலில் பழைய சென்சாரின் ஓம், புது சென்சாரின் ஓம், பல்பு எரியும்போது சப்ளையின் வோல்ட் ஆகிய மூன்றையும் அளந்து, புது சென்சாரின் பாகம் எண்ணோடு சேர்த்து எழுதி அனுப்புங்கள். பல்பை இரண்டு ஹீட்டர் பின்களுக்கும் நடுவே வைத்து ஸ்டார்ட் செய்தபோது அது எரிந்ததா இல்லையா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது வந்ததும், அடுத்து எந்தத் துண்டைத் திறக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.